கோடு கிழித்த கடலும் கணக்கில் வராத மீனும்

பாக்குநீரிணை பற்றிய செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் வராத வாரம் அரிது. அந்தச் செய்திக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. எத்தனை படகுகள் பிடிபட்டன, எத்தனை பேர் கைதாயினர், எந்த நீதிமன்றம் எத்தனை நாள் விளக்கமறியல் விதித்தது, எந்த முதலமைச்சர் எந்தப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார் என்பவை அதில் தவறாமல் இருக்கும். செய்தித்தாள் வேலையில் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இந்த வடிவம் எனக்கு நன்கு பழக்கமானது. படகுக்கு எண்ணிக்கை உண்டு, ஆளுக்கு எண்ணிக்கை உண்டு. எந்த மீனுக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்த மீனைப் பற்றி ஒரு வரிகூட இராது.

இது செய்தியாளர்களின் குறை மட்டுமன்று. இந்தக் கடலின் நூற்றாண்டு வரலாற்றையே எடுத்துப் பார்த்தால், கோடுகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கோட்டுக்கு இருபுறமும் நீந்துகின்ற மீனைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கரையோர மக்கள் இன்று அனுபவிக்கும் துன்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த வரலாற்றைச் சற்று ஒழுங்காகப் பார்ப்போம்.

ஆழமில்லாத கடல்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம். அங்கிருந்து வடக்கே கோடியக்கரை, பருத்தித்துறை வரை விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பில் பாக்குவிரிகுடாப் பகுதி பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம் உடையது. வெயில் அடித்தளம் வரை இறங்கும். அதனால் கடற்புல்லும் சாதாழையும் அங்கே செழித்து வளர்கின்றன. இறாலும் நண்டும் கணவாயும் அந்தப் புல்வெளியில்தான் குஞ்சாக இருந்து வளர்கின்றன. ஒராவும் விளைமீனும் அங்கே மேய்கின்றன. கடற்பசு என்று நாம் சொல்லும் ஆவுளியாவுக்கு அந்தப் புல்லே உணவு.

இந்த ஆழமின்மையே இக்கடலின் செல்வத்துக்குக் காரணம். அதன் பலவீனத்துக்கும் அதுவே காரணம். ஆழ்கடலில் அடித்தளத்தைத் தொடுவது பெருஞ்செலவான வேலை. பாக்குவிரிகுடாவில் ஒரு நடுத்தர இயந்திரப் படகு எந்த இடத்திலும் அடித்தளத்தைச் சுரண்டலாம். தப்பி ஒதுங்குவதற்கு மீனுக்கு அங்கே பள்ளம் இல்லை.

குடாநாட்டின் மேற்கே தீவுகளும் பரவைக்கடலும் இந்த ஆழமற்ற கடலைச் சேர்ந்தவை. வடக்கே மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரைகள் திறந்த நீரிணையை நோக்கியவை. வடகிழக்கே பருத்தித்துறைத் திட்டு என்ற மீன்மேடை இருக்கிறது. வாடையும் சோளகமும் மாறி மாறி வீச, மீன் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகிறது. மீனவனும் அதன் பின்னே போனான்.

பாடும் முறையும்

பழைய காலத்தில் இந்தக் கடலுக்குச் சட்டப் புத்தகம் இல்லாவிட்டாலும் ஒழுங்கு இருந்தது. கரைவலைத் தொழிலில் கரை பல 'பாடு'களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எந்தப் பாட்டில் யார் வலை வளைப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட வலை இருந்தால் யார் முதலில், யார் அடுத்து என்பதெல்லாம் முறைப்படி நடந்தன. பரவைக்கடலில் தடி நட்டுக் கட்டும் களங்கட்டிகளுக்கும் இன்னின்னாருக்கு இன்ன இடம் என்ற உரிமை உண்டு. பருவம் மாறும்போது குடும்பங்கள் வேறு கரைக்குப் போய் வாடி அமைத்துத் தங்கின. வந்தவர்களுக்கும் ஊரவர்களுக்கும் பிணக்குகள் எழுந்தன, தீர்க்கப்பட்டன. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலும் பின்னர் 1978இல் வந்த அதே பெயர்த் திரைப்படமும் நெடுந்தீவுக் கரைக்கு அவ்வாறு வந்து தங்கிய மீனவர்களைச் சுற்றியே பின்னப்பட்டவை.

இவற்றைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. சம்மாட்டியிடம் கடன்பட்டு வலை இழுத்தவனுக்குப் பங்கு சிறிது. சாதியும் செல்வாக்கும் பாட்டு உரிமையில் புகுந்து விளையாடின. மேலும் இந்த விதிகள் மீனைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவையும் அல்ல. கரையில் சண்டை வராமல் இருக்கவே அவை ஏற்பட்டன. ஆனால் ஒரு பாட்டில் இத்தனை வலைதான், ஒரு நாளில் இத்தனை முறைதான் என்று வரையறுத்தபோது, மீன்பிடியின் அளவும் தானாகவே வரையறைக்குள் வந்துவிட்டது. காற்று எதிராக இருந்த மாதங்களில் கடலுக்கு ஓய்வும் கிடைத்தது.

மீனின் இருப்பைக் கருதியே செய்யப்பட்ட விதி ஒன்றும் இக்கடலில் இருந்தது. அது சங்குக்கு உரியது. வங்காளத்துப் பெண்கள் அணியும் வளையலுக்காக மன்னார்க்குடாவிலிருந்தும் பாக்குவிரிகுடாவிலிருந்தும் சங்கு கப்பலேறியது. யாழ்ப்பாணப் பரவைக்கடலின் சேற்றில் புதைந்து கிடந்த இறந்த சங்குகளைக்கூடத் தோண்டி எடுத்து அனுப்பினார்கள். இந்த வருமானம் அரசாங்கத்துக்குரியது. ஆகவே சங்கு அற்றுப்போகக் கூடாது என்பதில் அரசாங்கத்துக்கு அக்கறை இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் இரண்டேகால் அங்குல விட்டத்துக்குக் குறைந்த சங்கை உயிருடன் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது நடைமுறை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இலங்கையில் இன்றும் 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கை ஏற்றுமதி செய்ய முடியாது. சிறியதை விட்டுப் பெரியதை எடு என்ற இந்தப் பாடம் நம் கடலுக்கு மேல்நாட்டு விஞ்ஞானம் நேற்றுக் கற்பித்ததன்று.

முதற் கோடு மீனுக்காகவே கிழிக்கப்பட்டது

பாக்குவிரிகுடா யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனதும் சங்கின் பொருட்டே. இராமநாதபுரம் சமீனைச் சார்ந்த சங்குப் படுகையில் குத்தகைக்காரரின் அனுமதியின்றிச் சங்கு எடுத்தது திருட்டாகுமா என்ற வழக்கு, 1904ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பாயல் என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. இந்த விரிகுடா திறந்த பெருங்கடலன்று, நிலத்தால் சூழப்பட்டு ஆட்சிக்கு உட்பட்ட நீர் என்ற கருத்துக்குப் பின்னாட்களில் இந்தத் தீர்ப்பையே ஆதாரம் காட்டினார்கள்.

அதன் பின் 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சென்னை அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் இலங்கை அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் கொழும்பில் கூடினார்கள். இரு பக்கமும் பிரித்தானிய ஆட்சியே என்றாலும் இரு பக்கத்துக்கும் வருமானக் கணக்கு வேறு. முத்தும் சங்கும் மீனும் அளவுக்கு மிஞ்சி எடுக்கப்படாதிருக்கவும், யார் எங்கே பிடிப்பது என்ற குழப்பம் தீரவும் ஒரு கோடு வேண்டும் என்றனர். அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட கோடு கச்சதீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளிச் சென்றது. இலண்டன் அதற்கு முறையான ஒப்புதல் கொடுக்கவில்லை என்றாலும், அதற்கு வழங்கிய பெயரைக் கவனிக்க வேண்டும். அது 'மீன்பிடிக் கோடு'. எல்லைக் கோடு என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கடலில் முதன்முதல் கோடு போட்டவர்கள் மீன்வளத்தை மனதில் வைத்தே போட்டார்கள்.

இயந்திரம் வந்தது

சுதந்திரத்துக்குப் பின் இரு நாடுகளும் மீன் உற்பத்தியைப் பெருக்க விரும்பின. இந்திய-நோர்வே திட்டம் 1952இல் கையெழுத்தாகிக் கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் ஆரம்பமாயிற்று. ஏழை மீனவரின் வாழ்வை உயர்த்துவதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இந்திய இறாலுக்கு நல்ல விலை கிடைத்ததும் போக்கு மாறியது. இறால் அடித்தளத்தில் வாழ்வது. அதைப் பிடிக்க அடித்தளத்தை வாரும் இழுவைமடியே சுலபமான வழி. அரசு மானியத்துடன் தமிழ்நாட்டுக் கரையிலும் அறுபதுகளில் இழுவைப் படகுகள் பெருகின.

இழுவைமடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புனல் வடிவில் ஒரு பெரிய வலை. அதன் வாயை இருபுறமும் விரித்து வைக்கக் கனத்த பலகைகள். அடியில் சங்கிலியோ எடையோ கட்டிய கயிறு. படகு இழுக்க இழுக்க இந்த அமைப்பு தரையை உழுதுகொண்டே போகும். முடிவில் உள்ள மடிக்குள் இறால் விழும். கூடவே குஞ்சு மீன், முட்டை நண்டு, கடற்புல், சிப்பி, சேறு எல்லாம் விழும். விலை போகாத குஞ்சுகள் கோழித் தீவனத்துக்கும் கருவாட்டு மாவுக்கும் போகும். நாளைய மீனை இன்றைய தீவனமாக்கும் தொழில் இது.

இலங்கையும் இழுவை அறியாத நாடன்று. இருபதுகளின் தொடக்கத்தில் 'லில்லா' என்ற நீராவிக் கப்பலைக் கொண்டு இலங்கை அரசாங்கம் நடத்திய ஆய்வில் குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டும் பருத்தித்துறைத் திட்டும் இழுவைக்கு ஏற்றவை என்று கண்டார்கள். அதன் பின் கொழும்பிலிருந்து சென்ற கப்பல்கள் இந்தியக் கரையை அண்டிய வாட்ஜ் திட்டில் பல்லாண்டுகள் மீன் வாரி வந்தன. இன்று எல்லை தாண்டுவது பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வைத்திருப்பது நேர்மை.

யாழ்ப்பாணத்துக்கும் நோர்வே வந்தது, ஆனால் வேறு வழியால். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்று அங்கேயே குடியமர்ந்தவர். தன் கரையின் மீனவர்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று நோர்வே நண்பர்களைத் திரட்டி 'மாளு-மீன்' என்ற அமைப்பை அறுபதுகளின் பிற்பகுதியில் உருவாக்கினார். மாளு என்பது சிங்களத்தில் மீன். அதிலிருந்து வளர்ந்ததே சீநோர். காரைநகரில் படகுத் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தன. அந்தத் தொடர்பின் வழியே கல்விக்காக நோர்வே சென்ற இளைஞர்களே அங்குள்ள ஈழத்தமிழ்ச் சமூகத்தின் முன்னோடிகள். குருநகரில் இழுவைப் படகுகளும் இருந்தன. எனினும் யாழ்ப்பாணத்தின் வளர்ச்சி முக்கியமாகச் சிறு இயந்திரப் படகும் நைலோன் விடுவலையும் கொண்டு வந்ததாகவே அமைந்தது. போர் தொடங்குமுன் நாட்டின் மீன் உற்பத்தியில் யாழ்ப்பாண மாவட்டம் முதல் வரிசையில் நின்றது.

அக்கரையில் இழுவைப் படகுகளுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் எழுபதுகளில் கைகலப்பு மூண்டது. அதைத் தீர்க்க வாரத்தில் மூன்று நாள் இழுவைப் படகுக்கு, நான்கு நாள் நாட்டுப் படகுக்கு என்று பங்கிட்டார்கள். 1983இல் வந்த தமிழ்நாட்டு மீன்பிடிச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்றது. தமிழகத்து நாட்டுப் படகு மீனவருக்கு இவை அவசியமான பாதுகாப்பு. ஆனால் இராமேசுவரம் பக்கத்தில் எல்லைக் கோடு கரைக்கு அண்மையில் இருக்கிறது. மூன்று மைலைக் கழித்தால் இழுவைப் படகுக்குச் சட்டப்படி மிஞ்சுவது சில மைல் அகலமே. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் அந்த ஒடுங்கிய நீரில் எவ்வாறு பிழைக்கும்? உள்ளூரில் விலக்கப்பட்ட வலை கிழக்கே நகர்ந்தது.

மணலுக்கு உள்ள இடம் மீனுக்கு இல்லை

1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் பாக்குநீரிணை எல்லை உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். கோடு கச்சதீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைலில் சென்றது. 1976 மார்ச்சில் மன்னார்க்குடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு போடப்பட்டது. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டு நீரில் அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது என்று கூறப்பட்டது. வாட்ஜ் திட்டு இந்தியாவுக்குப் போனது. இலங்கைக் கப்பல்கள் ஆறுக்கு, ஆண்டுக்கு 2,000 தொன் மீறாமல், மூன்றாண்டு அவகாசம் அளித்தார்கள்.

கச்சதீவைப் பற்றி எத்தனையோ கூட்டங்கள், வழக்குகள், தேர்தல் வாக்குறுதிகள். 1974 உடன்படிக்கையின் ஐந்தாம் ஆறாம் பிரிவுகளைப் பற்றி எத்தனையோ விவாதங்கள். ஏழாம் பிரிவைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் விரிந்து கிடக்கும் எண்ணெயோ, வாயுவோ, வேறு கனிமமோ கண்டுபிடிக்கப்பட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தின் பகுதி சுரண்டப்பட்டால், அதை எவ்வாறு எடுப்பது, வருவாயை எவ்வாறு பங்கிடுவது என்று இரு நாடுகளும் உடன்பாடு காண முயல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கனிமம் என்பதில் மணலும் பருக்கைக்கல்லும் அடங்கும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள்.

மணல் கோட்டைத் தாண்டிக் கிடக்கலாம் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்கு மீன் கோட்டைத் தாண்டி நீந்தும் என்று தோன்றவில்லை. மீனின் இருப்பைக் கூட்டாக மதிப்பிடுவது பற்றியும், இரு கரைக்கும் ஒரே ஓய்வுக்காலம் வைப்பது பற்றியும், எந்த வலையை விலக்குவது என்பது பற்றியும் அங்கே ஒன்றும் இல்லை. 1921இல் வருமான அதிகாரிகள் நினைத்த அளவுக்குக்கூட 1974இல் இராசதந்திரிகள் மீனைப் பற்றி நினைக்கவில்லை.

பிறகு போர் வந்தது. வடகடலில் மீன்பிடிக்கத் தடையும் நேரக் கட்டுப்பாடும் அனுமதிச் சீட்டும் வந்தன. 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். நாட்டின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகம் ஒன்று இருபத்தேழு ஆண்டுகள் படை வசம் இருந்து 2017 ஜூலையிலேயே மீண்டது. இங்கே படகுகள் கரையில் காய்ந்து கிடந்த ஆண்டுகளில் அக்கரைப் படகுகள் இந்த நீருக்குப் பழகின. அப்படிப் பழகியவர்களுள் பலர் கடற்படையின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அது மறக்கக் கூடாத துயரம். ஆயினும் அந்த ஆண்டுகளில் வளர்ந்த படகுக் கூட்டம், யாழ்ப்பாண மீனவன் கடலில் இல்லை என்ற நிலையை நம்பி வளர்ந்தது என்பதும் உண்மை.

மீண்டு வந்தவன் கண்ட கடல்

2009க்குப் பின் கடலுக்குத் திரும்பிய வடக்கின் மீனவன், இரவில் தன் கரைக்கு எதிரே வெளிச்சங்களின் வரிசையைக் கண்டான். விடுவலையை மாலையில் பரப்பிவிட்டு விடியலில் எடுப்பது அவன் தொழில். இழுவைப் படகு அவ்வழியே ஒருமுறை போனால் வலை அறுந்துபோகும். கடன் வாங்கி வாங்கிய வலை. ஆகவே இழுவைப் படகு வரும் நாட்களில் தொழிலுக்குப் போகாமல் இருப்பதே இலாபம் என்று பலர் கணக்குப் போட்டார்கள். தமிழகத்தில் இழுவைப் படகுக்கென ஒதுக்கிய நாட்கள், யாழ்ப்பாணக் கரையில் வலை போடாத நாட்களாயின. கிழக்குக் கரையில் இந்தியா ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விதிக்கும் தடைக்காலத்தில்தான் இவர்களால் நிம்மதியாக வலை பரப்ப முடிகிறது. தன் கடலில் தொழில் செய்ய அயல்நாட்டின் விடுமுறையை எதிர்பார்த்திருக்கும் நிலை வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

பேச்சுக்கள் நடக்காமல் இல்லை. 2010 ஓகஸ்டில் இரு கரை மீனவர் பிரதிநிதிகளும் தாமே கூடி, இழுவைமடியை ஓராண்டுக்குள் கைவிடுவது, அதுவரை குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அனுமதிப்பது என்று உடன்பட்டார்கள். அரசுகள் அதை ஏற்று நடைமுறைப்படுத்தவில்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் பேசினார்கள். 2016 நவம்பரில் புதுடில்லியில் கூட்டுச் செயற்குழு அமைத்தார்கள். 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி அடித்தள இழுவையை முற்றாகத் தடை செய்தது. இதற்கான முதல் முயற்சி யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரனின் தனிநபர் மசோதாவாக வந்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக்குவிரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைப் படகுகளைக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. மிகச் சிலவே மாற்றப்பட்டன.

அப்புறமும் என்ன நடந்தது? 2021 ஜூனில் பழைய பேருந்துகளை நெடுந்தீவுக் கடலில் இறக்கினார்கள். மீனுக்கு உறைவிடம், இழுவைக்குத் தடை என்று சொன்னார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை மீனவர்கள் படகில் ஊர்வலமாகச் சென்று, நிறைவேற்றிய சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டார்கள். 2022 ஜனவரியில் வத்திராயனிலிருந்து கடலுக்குப் போன இரு இளைஞர்கள் உயிருடன் திரும்பவில்லை. இழுவைப் படகு மோதியே இறந்தனர் என்று ஊர் கொதித்தது. 2024இல் கைதான இந்திய மீனவர் தொகை 500ஐத் தாண்டியது. அதே ஆண்டு ஜூனில் படகு ஒன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஓகஸ்டில் கடற்படைக் கலத்துடன் படகு மோதித் தமிழக மீனவர் ஒருவர் இறந்தார். இழுவைப் படகில் கூலிக்குப் போகிறவனும் ஏழை. அவனைச் சிறையில் அடைப்பதால் படகு முதலாளியின் கணக்கும் மாறவில்லை, கடலின் கணக்கும் மாறவில்லை.

சால்மன் சொல்லும் பாடம்

இலங்கைக் கடைகளில் தகரத்தில் அடைத்த மீன் எதுவானாலும் 'சமன்' என்று சொல்லும் வழக்கு உண்டு. அந்தச் சொல்லின் மூலமான சால்மன் மீன் நம் கடலில் இல்லை. வட அத்திலாந்திக்கில், நோர்வே முதலிய நாடுகளின் ஆறுகளில் அது பிறக்கிறது. பிறகு கடலுக்குப் போய், நெடுந்தூரம் அலைந்து கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. ஒரு நாட்டு ஆற்றில் பிறந்த மீனைக் கிறீன்லாந்துக் கடலில் வேறொருவர் பிடிப்பார். ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களுக்கும் கடலில் வலை போடுகிறவர்களுக்கும் இடையே ஓயாத சண்டை. நம் பிணக்கை விடச் சிக்கலானது.

1982இல் அந்த நாடுகள் கூடி வட அத்திலாந்திக் சால்மன் பாதுகாப்பு உடன்படிக்கையைச் செய்தன. கரையிலிருந்து பெரும்பாலும் 12 கடல்மைலுக்கு அப்பால் சால்மன் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டமும், எந்த நாட்டு ஆற்றில் மீன் பிறக்கிறதோ அந்த நாட்டுக்கே அதில் முதல் அக்கறையும் பொறுப்பும் என்று விதித்தது. பேச்சு மீனிலிருந்து தொடங்கியது. கோடு அதன் பின் வந்தது. தன் மீனவரையே கட்டுப்படுத்த வேண்டியிருந்தபோது நோர்வே பின்வாங்கவும் இல்லை. 1989இல் கடலில் மிதவை வலையால் சால்மன் பிடிப்பதை அந்நாடு நிறுத்தியது. 2024 கோடையில் ஆறுகளுக்குத் திரும்பிய மீன் மிகக் குறைந்தது என்று எண்ணிக்கை காட்டியதும், பருவத்தின் நடுவிலேயே 33 ஆறுகளில் தூண்டில் போடுவதைத் தடுத்தது.

இத்தனைக்குப் பின்னும் காட்டுச் சால்மன் குறைந்தே வருகிறது. வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து பரவும் பேன், தப்பி வரும் வளர்ப்பு மீனின் கலப்பு, வெப்பமாகும் கடல் எனக் காரணங்கள் பல. விதி மட்டும் எல்லாவற்றையும் காத்துவிடாது. ஆனால் குறைகிறது என்பதாவது அவர்களுக்குத் தெரிகிறது. மீனை எண்ணுகிறார்கள், எண்ணிக்கை குறைந்தால் உடனே நிறுத்துகிறார்கள். பாக்குவிரிகுடாவில் இரு நாடுகளும் சேர்ந்து மீனை எண்ணும் ஓர் ஏற்பாடு இல்லை. எண்ணாத பொருளைப் பங்கிடவும் முடியாது, காக்கவும் முடியாது.

நம் பக்கத்துக் கணக்கு

அக்கரையை மட்டும் குற்றம் சொல்லி இக்கட்டுரையை முடிப்பது சுலபம். ஆனால் தங்கூசி வலையும் வெடியும் ஒளிபாய்ச்சிப் பிடிப்பதும் நம் கரையிலும் உண்டு. உள்ளூர் இழுவைப் படகுகளும் 2017 சட்டத்துக்கு உட்பட்டவையே. கடலட்டைக்கு நல்ல விலை என்றதும் பரவைக்கடலில் வேலியடைத்த பண்ணைகள் பெருகியதை அண்மை ஆண்டுகளில் கண்டோம். இறாலும் மீனும் வந்துபோகும் வழியை அவை மறிப்பதாகச் சிறுதொழிலாளர் முறையிட்டார்கள். நம் கடலில் நாம் செய்யலாம் என்ற வாதம் மீனுக்குப் புரியாது.

தமிழகத்திலும் நம்பிக்கையூட்டும் அறிகுறி இல்லாமலில்லை. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. கடற்பசுவைக் காப்பதென்றால் கடற்புல்லைக் காக்க வேண்டும். கடற்புல்லைக் காப்பதென்றால் இழுவைமடியை நிறுத்த வேண்டும். கோட்டுக்கு இப்புறத்திலும் அதே புல்தான் வளர்கிறது. கேரளத்தில் சிறு மீனவர் போராடி 1988இல் மழைக்காலத்து இழுவைத் தடையைப் பெற்றார்கள். தமிழ்நாட்டு நாட்டுப் படகு மீனவரும் இழுவையை எதிர்ப்பவர்களே. அவர்களும் யாழ்ப்பாண மீனவரும் ஒரே தொழிலை ஒரே வகை வலையால் செய்கிறவர்கள்.

புலம்பெயர்ந்த தமிழர் பலருக்கு இது பேசச் சங்கடமான விடயம். தமிழ்நாட்டைக் குறை சொன்னால் ஒற்றுமைக்குப் பங்கம் என்ற அச்சம் இருக்கிறது. அந்த மௌனத்தின் விலையை மயிலிட்டியிலும் குருநகரிலும் மாதகலிலும் வலை பறிகொடுத்தவன் செலுத்துகிறான். இரு பக்கத்தாரும் தமிழர் என்பதால் பிணக்கு இல்லாமற் போய்விடாது. ஆனால் பேசித் தீர்க்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்ற வசதி உண்டு. 2010இல் அவர்கள் தாமே ஒரு முடிவுக்கு வந்தது அதற்குச் சான்று.

கேட்கவேண்டியது பெரியதொன்றுமன்று. இரு கரைக்கும் ஒரே தடைக்காலம், இரு கரையிலும் அடித்தள இழுவைக்கு முடிவு, மீனின் இருப்பை ஆண்டுதோறும் சேர்ந்து மதிப்பிட ஒரு குழு, அதில் மீனவருக்கும் இடம். ஐம்பதாண்டுகளுக்கு முன் மணலுக்கும் பருக்கைக்கல்லுக்கும் ஒரு பிரிவு எழுதிய இரு அரசுகள், மீனுக்கும் ஒரு பிரிவு எழுதலாம்.